இட்லிக் குண்டானில் வெந்த பீட்சா

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அடித்தட்டில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே ஒரு கேரி பை, அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி முடிச்சு. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பாதி பாக்கெட் சீஸ். நகையைக்கூட நீங்கள் இப்படிக் கட்டிக் காத்ததில்லை. அந்த வாடை வந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தேன்.

உங்களுக்கு ஓரகத்தியாக வந்து பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் ஆக்கினோம். ஒத்துமையாக இருந்தோம் என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்தும். பிள்ளைகள் படிப்பைச் சொல்லிப் பெரம்பலூரில் வீடு பார்த்தேன். படிப்பு பாதிக் காரணம்தான். நான் வைத்த குழம்பில் நீங்கள் வந்து உப்புப் பார்ப்பது மீதிக் காரணம். சாமான் ஏற்றிய வண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டு சொன்னீர்கள்: "போறவங்க போங்க. ஞாயித்துக்கிழம சோறு மட்டும் இந்த வூட்லதான். புள்ளைங்க என் கண்ணுல படணும்." உங்கள் மகன் துபாயில். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் நீங்களும் உங்கள் வீட்டுக்கார மாமாவும் மட்டும். அதனால் அன்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஆறு மாதம் ஒழுங்காக வந்தோம். அப்புறம் என் பிள்ளைகளுக்கு டவுன் ருசி பழகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை பீட்சா சாப்பிடணும், கறிக்கொழம்பு வேணாம்" என்று இரண்டும் அடம். இரண்டு வாரம் ஏதோ சாக்குச் சொல்லி நாங்கள் வரவில்லை. மூன்றாவது வாரம் சனிக்கிழமை போன் செய்தீர்கள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "அந்தப் பீசாவுக்கு என்னென்ன சாமான் வேணும், சொல்லு. எழுதிக்கிறேன்."

நான் சொன்னதில் பாதியை நீங்கள் மதிக்கவில்லை. ஈஸ்ட் என்றதற்கு, "பொங்குறதுக்குக் கடையிலயா போய்ப் பொடி வாங்குவாங்க?" என்று, ஒரு கரண்டி புளித்த இட்லி மாவை மைதாவில் ஊற்றி ராத்திரியே மூடி வைத்துவிட்டீர்கள். மாவு பொங்கியது, அதில் குறையில்லை. காலையில் நாங்கள் வந்து இறங்கியபோது பீட்சா இட்லிக் குண்டானில் வெந்துகொண்டிருந்தது. "புளிச்ச மாவு ஆவியிலதானடி வேகணும்" என்றீர்கள். ஈரத்துணியோடு தட்டில் கவிழ்த்தபோது வெள்ளைவெளேரென்று வழுக்கிக்கொண்டு வந்தது. சீஸ் மொத்தமும் துணியில் ஒட்டிக்கொண்டது. என் மகள்தான், "பெரியம்மா, இது இட்லிக்குத் தம்பி மாதிரி இருக்கு" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் கொழுந்தனாருக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த வாரமே தோசைக்கல்லுக்கு மாறி, மேலே சட்டியைக் கவிழ்த்து மூடி, அதற்கு மேல் இரண்டு தணலும் போட்டுச் சாதித்துவிட்டீர்கள். மேலே தூவ என்ன என்ற கேள்வியே எழவில்லை. விளைந்ததைச் சேர்த்து வைக்கும் பட்டறையில் சின்ன வெங்காயம் மலைபோலக் கிடந்தது. ஆம்பிளைகள் உரிக்க வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டத்துக்கு மாமா கண்ணீரும் கம்பலையுமாகக் கட்டுப்பட்டார். பிள்ளைகள் வட்டம் தேய்ப்பார்கள். மகன் தேய்ப்பது எப்போதும் ஏதோ ஒரு ஜில்லா மேப் மாதிரி வரும். "எந்த ஊரா இருந்தா என்ன, வெந்தா சரி" என்று கல்லில் போடுவீர்கள்.

அந்தப் பீட்சா இன்னொரு காரியமும் செய்தது. நம் வீட்டில் ஆம்பிளைகளும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாம் இருவரும் அடுப்படியில் உட்காருவோம். என் மகள் ஒரே போடாகப் போட்டாள்: "ஆறினா ரப்பராயிடும். எல்லாரும் இப்பவே உக்காருங்க." அப்படித்தான் முதல்முறையாக மாமாவுக்கு எதிரே நானும் தட்டோடு உட்கார்ந்தேன். கூச்சத்தில் தட்டை மடியில் வைத்துக் குனிந்துகொண்டேன். நீங்களோ, "அடுப்பப் பாத்துட்டு வரேன்" என்று தட்டோடு எழுந்து போனீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். உள்ளே வந்ததும் உங்கள் துண்டை என் தட்டில் தள்ளினீர்கள்.

"கருமம், வாந்தி வருது. நீ தின்னு."

"புடிக்கலன்னு சொல்லிடுங்களேன் அக்கா."

"சொன்னா அதுங்க வேற எங்கயாவது போயிடும். நீ வாயத் தொறந்தே, பல்லக் கழட்டிடுவேன்."

மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், உங்கள் பங்கையும் சேர்த்து நான் தின்றேன். நீங்கள் வெளியே போய், உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு இருந்தா தேவல" என்பீர்கள். பாவி, அதை நம்பி மகள் தன் துண்டில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பாள். அதுவும் என் தட்டுக்குத்தான் வரும்.

ஆடி மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதிப் படையலில் பெரியம்மாவுக்குப் பிடித்தது பீட்சாதான், வைத்தே ஆகவேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். பங்காளிகள் முகத்தைச் சுளித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. பல்லை நினைத்து மூடிக்கொண்டேன். வடை பாயசத்தோடு இலையில் ஒரு துண்டு பீட்சாவும் ஏறியது. காக்கா வந்தது. வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. சீஸைக் கொத்தி, அலகைச் சுவரில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டுப் பறந்துபோனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். "ஓரகத்தின்னா இப்படில்ல இருக்கணும்" என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

போன வாரம் மாமா போன் செய்தார். "அவ இல்லாம நீங்க எதுக்கும்மா வாராவாரம் அலையுறீங்க? எனக்காகச் சிரமப்பட வேணாம்." குரல் ஒருமாதிரி இருந்தது. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனால் எல்லாமே விட்டுப்போகும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இன்று முதல் பஸ்ஸுக்கே பிள்ளைகளையும் உங்கள் கொழுந்தனாரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பீட்சா நன்றாகவே வந்தது. பிள்ளைகள் தின்றுவிட்டுக் கைகழுவ அப்பாவோடு கிணற்றடிக்குப் போனார்கள். மாமா தன் தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா நெனைக்காதம்மா. இந்தச் சீஸ் எனக்கு ஆவுறதே இல்ல. உங்கக்கா ஆசையா செய்யுறாளே, ஆசையா திங்குறாளேன்னு இத்தன நாளா முழுங்கிட்டிருந்தேன்."

"அவங்களுக்கும் புடிக்காது மாமா" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப அவ பங்கு?"

"நான்தான் தின்னேன். எனக்கும் புடிக்காது."

ஆமாம் அக்கா, எனக்கும் பிடிக்காது. சொன்னால் நீங்கள் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம். இந்த வீட்டைவிட்டு ஓடிப்போனவளும் நான்தான், ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று வாரம் பூராவும் காத்துக்கிடந்தவளும் நான்தான். அதை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லவில்லை.

மாமா தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பிள்ளைகளின் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பெரிய வாய் கடித்து, "இன்னும் ஒண்ணு இருந்தா தேவல" என்றார். நானும் என் துண்டை எடுத்துக் கடித்தேன்.