மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம் என்று நான் சொல்லாதது

அன்புள்ள அண்ணா,

இன்று காலை ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் தின்னர் டப்பாவைத் திறந்தார். அடுப்படியில் நின்ற எனக்கு, "இது டொலுவீன்மா, பென்சீன் போயாச்சு" என்று நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னதுபோல் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது.

மேட்டுப்பாளையம் கம்பெனியில் நீங்கள் டவர் ஆபரேட்டர், நான் லேப். பீப்பாயில் வரும் பழைய கரைப்பானைக் காய்ச்சி, பென்சீனையும் டொலுவீனையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் நம் பிழைப்பு. நான் சேர்ந்த புதிதில் கேட்டீர்கள்: "ஏம்மா, ரெண்டும் ஒண்ணாதான கெடக்குது, ஒண்ணாதான கொதிக்குது? அப்புறம் எப்படிப் பிரியுது?"

ஆவியழுத்தம் என்று ஆரம்பித்து, கல்லூரியில் படித்ததையெல்லாம் கொட்டினேன். இரண்டுக்கும் தன்னோடும் மற்றதோடும் ஒரே அளவு ஒட்டுதல்தான்; அதனால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏற்றபடி ஆவியாகும்; பென்சீனுக்கு வேகம் அதிகம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவசரக்காரன் முன்ன கெளம்பிடறான், அவ்ளோதான?" என்றீர்கள்.

"தனியாப் போக மாட்டாண்ணா. மத்தவனையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுதான் போவான். அதனாலதான் இவ்ளோ ஒசரத்துக்கு டவர். தட்டுத் தட்டா குளிர்ந்து, மறுபடி ஆவியாகி, கடைசியிலதான் தனியாவான்."

"இன்னாமா, குடும்பச் சண்டையாட்டம் இருக்குதே" என்று சிரித்தீர்கள்.

டவர் உச்சியில் வெப்பமானி முள் எண்பது டிகிரியில் நிற்கும்வரை பென்சீன். ஏறத் தொடங்கினால் டொலுவீன் கலக்கிறது, தொட்டியை மாற்ற வேண்டும். எப்போது என்று, சாம்பிளைச் சோதித்து லேப்பில் என் மெஷின் சொல்ல வேண்டும். அதற்கு இருபது நிமிடம் ஆகும். அதற்குள் தொட்டியில் இருக்கும் நல்ல பென்சீன் கெட்டுவிடும் என்று, குழாயடியில் ஒரு சொட்டை விரலில் வாங்கி முகர்ந்து, "மாத்திடலாம்" என்பீர்கள். முதல் இரண்டு முறை மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பிறகு எனக்குச் சோம்பல் வந்துவிட்டது. இதற்கு வேறு நல்ல பெயர் இல்லை. நீங்கள் சாம்பிள் பாட்டிலோடு வந்தால், "மோந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா, எழுதிக்கிறேன்" என்பேன். உங்கள் மூக்கு சொன்னதை மெஷின் சொன்னதாக ரிஜிஸ்டரில் எழுதினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உங்கள் மூக்கைப் பற்றிப் பெருமையடித்தேன். பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் என்று அந்த இடத்தில் படித்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கோரிமேடு ஆஸ்பத்திரியில், ரத்தம் கெட்டு நீங்கள் படுத்திருந்த வார்டுக்கு வந்த டாக்டர், என்ன வேலை என்று கேட்டார். அண்ணி "கம்பெனி வேலை" என்றார். என்ன கெமிக்கல் என்று மறுபடி கேட்டார். நான்தான் பென்சீன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணி வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"உண்மையச் சொல்லுமா. இத்தினி வருசத்துல எம்மூக்கு எத்தினி தடவ தப்பாச் சொல்லிச்சு?"

மெஷினில் போட்டுப் பார்த்திருந்தால்தானே எனக்குத் தெரியும்?

"ஒரு தடவகூட இல்லண்ணா."

அண்ணி திரும்பி வந்ததும், "கேட்டியா, லேப்ல இருக்கறவளே சொல்றா" என்றீர்கள். நாலு நாளாகச் சோறு இறங்காத முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குமேல் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

இப்போது லேப் என் பொறுப்பு. யாரும் எதையும் முகரக் கூடாது. ஒவ்வொரு சாம்பிளையும் போட்டுவிட்டு, இருபது நிமிடமும் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் வரைந்து தள்ளும் தாளில் பென்சீன்தான் முதலில் வருகிறது. நேற்று, பென்சீன் கெடுது மேடம் என்று கீழேயிருந்து கத்தினார்கள். கெடட்டும் என்றேன்.

கெட்டுப்போன பென்சீனை மறுபடி டவரில் ஏற்றிக் காய்ச்சினால் பிரிந்துவிடும். அரை நாள் வேலை. இவ்வளவு சின்ன விஷயத்தை உங்களிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை, அண்ணா.