நீ ஒட்டிவைத்துப் போன ஒரு வரி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போய்ச் சேர்ந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம்.

நீ போனை எடுக்கவில்லை. புது ஊர், புதுக் கிளை, தலைக்குமேல் வேலை இருக்கும். அதனால்தான் கடிதம். உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் மேனேஜரிடம் விலாசம் கேட்டேன். மாற்றலை நீயாகவே கேட்டு வாங்கினாய் என்று சொன்னார். விலாசம் தரத்தான் ரொம்ப யோசித்தார். நான் உன் மாமனார் என்று சொன்ன பிறகு இன்னும் அதிகமாக யோசித்தார். எதற்கு என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வருவதற்குள் கிளம்பிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்டேஷன் வரை பெட்டியைத் தூக்கி வந்திருப்பேன். மறுநாள் உன் வீட்டுக்காரன் துறைமுக வேலையிலிருந்து லீவில் வருவதாக இருந்ததால் அவனுக்கென்று ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டியிருந்தாய். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாய், ஆனால் நான் படித்துவிட்டேன். "ஐ ஆம் லீவிங் ஃபார் குட்." முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது? நல்லதுக்காகப் போகிறேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை நாள்தான் அந்த ஒரே கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பாய்?

நீ எழுதிவைத்ததை அவனிடம் போனில் சொல்லிவிட்டேன். "சரிப்பா, அவளுக்குப் பிடிச்சிருந்தா போகட்டும்" என்று சந்தோஷமாகவே சொன்னான். அதனால் நீ எதற்கும் தயங்காதே. உன் அலமாரியில் இருந்த துணிமணி, புத்தகம், தையல் டப்பா எல்லாவற்றையும் மூன்று பெட்டிகளில் கட்டி இன்று அனுப்பிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை.

ஆசிகளுடன்,
மாமா

•

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

என் முந்தைய கடிதத்தை நீ இன்னும் வைத்திருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடு. பிறகு இதைப் படி.

ஆறு வாரமாக நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். மருந்துக்கடைக்காரர், மேல்வீட்டு டீச்சர், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும், ஒருத்தரையும் விடவில்லை. மருமகள் நல்லதுக்காகப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் தமிழில்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் யாராவது அன்றைக்கே என் வாயை மூடியிருப்பார்கள்.

போன வியாழக்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே. உள்ளே ஒரே ஒரு அம்மா. ஏழாவது மாடியில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர். மோட்டார் ரூம் சாவியை வைத்திருந்த வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடி என்னோடு வேலைக்கு வந்த கூட்டாளி ஓடினான். நான் ஐந்தாவது மாடிக் கதவருகே உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டவர்களைப் பேசவைத்துக்கொண்டே இருந்தால் பயம் அடங்கும், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஷார்ட்லி மேடம் என்றேன். ஓடாத லிஃப்டில் நாங்கள் மாட்டும் போர்டில் இருக்கிற வார்த்தை அது, சீக்கிரமே என்று அர்த்தம். அந்த ஷார்ட்லி எத்தனை நிமிஷம் என்று அவர் திருப்பிக் கேட்டார். போர்டில் நிமிஷம் போட மாட்டார்கள் மேடம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூச்சும் சீரானது. இதையே பிடித்துக்கொள்வோம் என்று எனக்குத் தெரிந்த நேர வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாவம், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பொறுமையாகச் சொன்னார். ப்ரீஃப் என்றால் சுருக்கமானது, கொஞ்ச நேரமே இருப்பது. லி சேர்த்து ப்ரீஃப்லி என்றால் கொஞ்ச நேரத்துக்கு. டெம்பரரி என்றால் ஒருநாள் முடிந்துவிடும், ஆனால் எந்த நாள் என்று அந்த வார்த்தைக்குள் இருக்காது. இண்டெஃபினிட்லி என்றால் எப்போது முடியும் என்று சொல்கிறவருக்கே தெரியாது.

அப்போதுதான் நான் என் பெருமையை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஆங்கிலம் புழங்குகிறது மேடம், என் மருமகள் ஃபார் குட் போயிருக்கிறாள் என்றேன்.

"அவங்க என்ன எழுதினாங்கன்னு அப்படியே சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"ஐயா, அதுல இருக்கற குட்டுக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லீங்க. இனிமே திரும்பி வர மாட்டேன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு வாட்ச்மேன் வந்ததும், பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கியதும், அந்த அம்மா வெளியே வந்ததும் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. மாட்டிக்கொண்டு நின்றவர் அவர். ஆனால் அவர்தான் என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அம்மா, நான் படித்துவிடக் கூடாது என்றுதானே ஆங்கிலத்தில் எழுதினாய்? என் மனசு நோகக் கூடாது என்று பார்த்திருக்கிறாய். நானோ உன் அலமாரியைத் துடைத்து அனுப்பி வைத்தேன். மூன்று பெட்டிகள் வந்து இறங்கியபோது நீ என்ன நினைத்திருப்பாய்? 'எல்லாம் வந்து சேர்ந்தது, நன்றி மாமா' என்று ஒரே வரியில் அட்டை போட்டிருந்தாய். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினேன். இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. அவன் உன் சீட்டைப் பார்க்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. துறைமுகத்தில் இன்னும் இரண்டு கிரேன் பொருத்த வேண்டியிருக்கிறது என்று போன் செய்தான். வருகிறேன் என்று சொல்லி வராமல் போனது இது ஆறாவது தடவை, உனக்குத்தான் கணக்குத் தெரியும். நான் அவனிடம் சொன்னது, நல்ல வேலைக்குப் போயிருக்கிறாள் என்று. அதற்குத்தான் போகட்டும் என்றான். நீ அவனை விட்டுப் போனதற்கு அவன் அப்படிச் சொன்னதாக என் கடிதத்தைப் படித்து நீ நினைத்திருப்பாய். ஒரு மனுஷன் இப்படியா சொல்லுவான் என்று எத்தனை நாள் அழுதாயோ. அவனிடம் ஆயிரம் குறை இருக்கிறது. இது மட்டும் என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலை அவனைக் கூப்பிட்டு உன் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்கும், சீக்கிரம் வரேன்பா என்றான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. முந்தின நாள்தான் அவன் நாலு வருஷமாகக் குடும்ப வாட்ஸப்பில் போட்டதையெல்லாம் அந்தப் படிக்கட்டிலேயே ஒரு தாளில் எழுதி அந்த மொழிபெயர்ப்பு அம்மாவிடம் காட்டியிருந்தேன். சூன், ஃபார் தி டைம் பீயிங், ஜஸ்ட் எ லிட்டில் லாங்கர்: சீக்கிரம், இப்போதைக்கு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அர்த்தமாம். இதில் ஒன்றிலும் தேதி இல்லையே ஐயா என்று அவர் சொல்லியிருந்தார்.

"நான் ஓடாத லிஃப்டுக்கு மாட்டற போர்டை நீ நாலு வருஷமா அந்தப் பொண்ணு கழுத்துல மாட்டி வெச்சிருக்கடா" என்றேன். அழுதான். சமாதானம் சொல்லவில்லை, வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். பத்தொன்பதாம் தேதி, மாலை நாலு பத்துக்கு வந்து இறங்குகிறானாம். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். என்னம்மா, பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் உன்னிடம் உறுதியாகச் சொல்வேன். அதுவரை உன் ஒரு நாளைக்கூட அவனுக்காக ஒதுக்கி வைக்காதே. வந்தால், நேராக உன் ஊருக்குப் போய்ப் பேசு என்பேன். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். வேண்டாம், பிரிந்துவிடலாம் என்று நீ முடிவெடுத்தால் எந்தக் கோர்ட்டுக்கு வரச் சொன்னாலும் வந்து உன் பக்கம் நிற்பேன். இவ்வளவு நாள் காத்திருந்ததே அதிகம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு முட்டிவலி பரவாயில்லை. சமையல் ஒரு மாதிரி நடக்கிறது, உப்புதான் கைக்குப் பிடிபடவில்லை. சாயந்திரம் கதவைத் திறக்கும்போது உள்ளே சத்தம் இருக்குமென்று காது இன்னும் எதிர்பார்க்கிறது. போகப் போகச் சரியாகிவிடும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடு. நாள் பூராவும் அந்தச் சின்ன விளக்கடியில் குனிந்தே இருக்காதே, கழுத்து வலிக்கும்.

அவனோடு உனக்கு எப்படி முடிந்தாலும் என்னோடு என்ன உறவு என்று ஒன்று இருக்கிறது இல்லையா? அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தின் கீழே என்ன போடுவது என்றுதான் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பழகிய கை, பழையபடியே எழுதுகிறது. உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து இரு, தாயே.

இப்படிக்கு,
மாமா