பால் காய்ச்சிய வண்டி

என்னங்க,

அன்றைக்கு நம் வண்டியில் பால் காய்ச்சியபோது இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் ஏகாம்பரம். அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி சரோஜா. நம் பிள்ளை சேகர். மருமகள் வசந்தா, அவள் இடுப்பில் ஒரு வயசுப் பேத்தி. எதிர்வீட்டு டைப்ரைட்டிங் சார். உங்களோடு பட்டறையில் வேலை செய்த டேனியல் அண்ணன். அப்புறம் நீங்கள், நான். இதில் ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பேத்தி, அவளுக்குப் பேச்சு வரவில்லை. இன்னொருவர் டேனியல் அண்ணன், அவர் பேசவில்லை.

உங்கள் பத்தாம் வருஷ நினைவுக்கு சேகர் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறான். "அம்மா, நீயும் நாலு வரி எழுதும்மா. நல்லதா எழுது" என்றான். ஐந்தாவதோடு நின்றவளுக்கு நாலு வரிக்கு மேல் வராது என்று நினைத்துவிட்டான். நல்லது மட்டும் வேண்டுமென்றால் சரோஜாவிடம் கேட்டிருக்கலாம். செத்தவர்களைப் பற்றி அவள் நன்றாகத்தான் பேசுவாள். உயிரோடு இருந்தால்தான் ஆகாது.

படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று சொல்கிறேன். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டினவர் நீங்கள். வெறும் சேஸிஸாக வருவதை ஜன்னல் வைத்து, தகரம் அடித்து, சீட்டு போட்டு அனுப்புவீர்கள். "நான் கட்ன பஸ்ஸு கன்னியாகுமரி வரிக்கும் போய் வந்துகினு கீது. நான் இன்னும் செங்கல்பட்டத் தாண்டல" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வீர்கள். வேலையை விட்டு நின்ற வருஷம், ஒரு ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட பழைய வேனைப் பிடித்து வந்து நிறுத்தினீர்கள். அதிலேயே குடியிருப்பது, ஊர் ஊராகப் போவது, போகிற இடத்தில் தகரம் தட்டிப் பிழைப்பது. இதுதான் நம் திட்டம். நம் திட்டம் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

நான் ஏன் சம்மதித்தேன் என்று யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டி என்றால் பின்னால் ஏறி உட்காருவாள் என்று நினைப்பு. நான் கல்யாணமாகி வந்து நின்றது உங்கள் அண்ணன் வீட்டு வாசல். அங்கே சாணி தெளிப்பது நான், கோலம் போடுவது சரோஜா. அப்புறம் தாம்பரத்தில் வாடகைக்குப் பின்கட்டு. வாசல் முன்கட்டுக்காரர்களுடையது. அப்புறம் அஸ்தினாபுரத்தில் சேகர் கட்டிய வீடு. அந்த வாசல் வசந்தாவுடையது. எனக்கென்று ஒரு வாசல் இருந்ததே இல்லை. அதற்குச் சக்கரம் இருந்தால் என்ன, இறக்கை இருந்தால் என்ன?

எவ்வளவு நன்றாகக் கட்டினீர்கள்! அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவரோடு மடங்கும் பலகைக் கட்டில், அதன் வயிற்றுக்குள் அரிசி டின். தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம், குலுங்கினாலும் எழுந்து வராது. ஸ்டவ் நகராமல் நாலு பக்கமும் கம்பி. மேலே தண்ணீர் டிரம், உள்ளே குழாய். வெயில் ஏறினால் அதுவே வெந்நீர். அம்மி வேண்டும் என்றேன். "அச்சு ஒடிஞ்சுடும்மே" என்று கத்திவிட்டு, மறுநாளே சின்னக் கல்லாக ஒன்றைத் தேடி வந்து சட்டம் அடித்து உட்காரவைத்தீர்கள். ஜன்னலுக்கு என் பச்சைப் புடவை.

கடைசியாகப் படி. கீழே மடக்கி இறக்குகிற மரப்படி, இரண்டு தட்டு. அதற்கு முன்னால் என்னை நிற்கவைத்து, டேப்பை எடுத்து என் முழங்காலை அளந்தீர்கள். "இவ்ளோ தாம்மே ஒன்னால காலத் தூக்க முடியும். அதுக்கு மேல வெச்சா வலிக்கும்" என்றீர்கள். முழங்கால் வலி என்று நான் உங்களிடம் சொன்னதேயில்லை. எப்படித் தெரிந்தது?

முன்னால் பேர் எழுத டேனியல் அண்ணன் பிரஷ்ஷோடு வந்தார். "இன்னா பேர் எழுதறது தங்கச்சி? எங்க ஆளுங்கன்னா வசனம் போடுவோம். ஒனக்கு முருகன் தொணையா?" நான் உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் விரலை வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாயத் தொறந்து சொன்னா அவன் ஆயுசு கொறஞ்சுடுமா?" "கொறையும்" என்றேன். புருஷன் பேரைச் சொல்லாமல்தான் காலமெல்லாம் காத்தேன். அப்படியும் ஆயுசு எங்கே போனது?

பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்பு வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போனீர்கள். சதுப்புத் தண்ணீர் ஓரமாக நிறுத்திக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன். அப்பளம் சுட்டேன். படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரே நாரைக் கூட்டம். "சாப்ட்டு வண்டியை எடுங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றேன். நீங்கள் படியைத் தட்டி, "இன்னாமே சொல்ற? இது வண்டி இல்லமே, வூடு" என்றீர்கள். அதை நான் முடிந்துவைத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள்.

முதல் சண்டை, இதற்குப் பால் காய்ச்சுவதா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதா என்று. நான் பால் என்றேன். டைப்ரைட்டிங் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "வீடுன்னா கிழக்குப் பார்த்து இருக்கணும்மா. இது வடக்கைப் பார்த்துன்னா நிக்குது?" கிழக்குதானே, திருப்பிவிட்டால் போச்சு என்று நீங்கள் ஸ்டியரிங்கில் ஏறிவிட்டீர்கள். நான் உள்ளே ஸ்டவ்வில் பாலை ஏற்றிவிட்டேன், அது உங்களுக்குத் தெரியாது. அந்தச் சின்னத் தெருவில் முன்னே பின்னே, முன்னே பின்னே. வீடே சுற்றுகிறது, நான் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிழக்கு வருவதற்குள் பால் பொங்கிவிட்டது. எந்தத் திசையில் பொங்கியது என்று சாருக்கு இன்றுவரை கவலை. அவருடைய டைப்ரைட்டிங் மெஷின்களெல்லாம் கம்ப்யூட்டர் வந்து காயலான் கடைக்குப் போயின. அவை கிழக்கு வாசல் வழியாகத்தான் போயின.

சரோஜா உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்தாள். அங்கே சாம்பிராணி வாசனைதான் இருந்தது. "ஏன்டி கண்ணியம்மா, அவசரத்துக்கு எங்கடி போவ? டீசல் டேங்க்குலயா?" வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த வாய்ப்பை யார்தான் விடுவார்கள்? நம் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆபீஸ்ல கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றான். அவன் ஆபீஸில் யார் கேட்டார்கள்? அந்த ஆபீஸில் அவன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் உங்கள் அண்ணன். துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் ஏதோ தீர்ப்பு வரும் என்று எல்லாரும் வாயை மூடினார்கள்.

"ஏன்டா, நாளைக்கு இந்தக் கொழந்தையப் பொண்ணு கேட்டு வர்றவன், தாத்தா பாட்டி எங்க இருக்காங்கன்னு கேப்பான். வெலாசம் என்னன்னு சொல்றது? வண்டி நம்பரையா? நாம என்ன கழைக்கூத்தாடிக் குடும்பமா?"

கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கிறவன். உங்கள் அண்ணனுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட இரண்டு பேர் கை பிடிக்க வேண்டும். அதை அங்கேயே சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தீர்கள். சுத்தமான கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள். "சேச்சே. இன்னாண்ணா நீ. வூடும் இல்ல ஒண்ணும் இல்ல. இது வண்டிண்ணா. வாடகைக்கு வுடத்தான் கட்னேன். இவதான் பாலு கீலுன்னு ஆடிகினு கீறா."

சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்.

டேனியல் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பாலில் சர்க்கரை போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். உங்கள் அண்ணனுக்கு இரண்டாம் தரமும் கொடுத்தேன். என் டம்ளரைப் படியில் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே கட்டிலைப் பெயர்த்துவிட்டு பெஞ்சு போட்டீர்கள். உங்கள் பேருக்கு மேல் ஏதோ நர்சரிப் பள்ளியின் பேர் வந்தது. என் பச்சைப் புடவை ஜன்னலில் பிள்ளைகள் மூக்குச் சிந்தினார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தீர்கள். பேசினீர்களா? ஒரே ஒரு தடவை, ரேஷன் கடை வரிசையில், "அன்னிக்கு நான்…" என்று வாயெடுத்தீர்கள். "சர்க்கரை போடறாங்க, நகருங்க" என்றேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது. என் பக்கத்தில் இருப்பதையும் மறைக்கிறவள் இல்லை நான்.

இங்கே சேதி கேளுங்கள். உங்கள் அண்ணனைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரண்டு மாசம் பெரியவன் வீடு, இரண்டு மாசம் சின்னவன் வீடு. அவர் அங்கே என்றால் சரோஜா இங்கே. போன மாசம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ரெக்ஸின் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்க மாமா போறீங்க?"

"பள்ளிக்கரணைக்கும்மா. இந்த மாசம் சின்னவன் முறை."

"வெலாசம் என்ன மாமா?"

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியும். கண்ணாடியைத்தான் பெரியவன் வீட்டில் விட்டுவிட்டாராம். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி, கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து, பஸ் ஏற்றிவிட்டேன். நாம் பார்த்த நாரைத் தண்ணீரை மண் கொட்டித் தூர்த்துத்தான் சின்னவன் வீடு கட்டியிருக்கிறான்.

நினைத்துப் பார்த்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் அவ்வளவுதான். சரோஜாவிடம் வேறென்ன வரும்? சேகருக்கு எவ்வளவு துணிச்சல் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. அவர்களையெல்லாம் எச்சில் இலையோடு சேர்த்து வழித்துப் போட்டுவிட்டேன். என் முழங்காலை அவர்களில் யாரும் அளக்கவில்லை.

வண்டியை உடைக்கப் போட்ட அன்று டேனியல் அண்ணன் அந்தப் படியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். "இத்த வெச்சுக்கோ தங்கச்சி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பின்பக்கக் கதவுக்குக் கீழே அதைப் பதித்துவைத்திருக்கிறேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் அதன் முன்னால் ஒரு சின்னக் கோலம் போடுகிறேன். வசந்தாவின் வாசலுக்குப் போவதில்லை. கால் இன்னும் அதே உயரத்துக்குத்தான் எழும்புகிறது. சரியாக அளந்திருக்கிறீர்கள்.

நானும் வருவேன், ரொம்ப நாள் ஆகாது. அங்கேயும் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள், ஏதாவது ஒன்றுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் வாசலில் நிற்பேன். உங்கள் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுவார் என்றுதான் தோன்றுகிறது. அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் முகத்தைப் பார்த்து, "இது வூடுண்ணா" என்று சொல்லுங்கள். சொன்னால்தான் நான் காலைத் தூக்கிப் படியில் வைப்பேன். சொல்கிறவரை, எத்தனை காலமானாலும், கீழேதான் நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
முப்பத்தொன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் செய்த பெண்டாட்டி,
கண்ணியம்மாள்

நான் மன்னிக்காதது ஒரே ஒருத்தரை. விரலை வைத்துக் காட்டாமல் இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்: மாசிலாமணி.