பொட்டு வைக்க இடமில்லாத படம்

இஞ்சாருங்கோ,

இந்த ஒரு சொல்லுக்கே நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். முப்பத்தொரு வருஷமாக உங்கள் பேரைச் சொல்லாமல் இப்படித்தானே கூப்பிட்டேன். அன்போடுதான் தொடங்குகிறேன். ஆனால் கடும் கோபத்தில் இருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருகிற வைகாசியில் உங்கள் முதலாம் ஆட்டைத் திவசம். ஒரு வருஷம் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள், ஓடிவிட்டது. ஐயருக்குச் சொல்லியாயிற்று. வாழையிலைக்கு ஏவன்டேல் சந்தையில் ஆள் பிடித்தாயிற்று. கோயில் மண்டபமும் கிடைத்துவிட்டது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்குக்குப் பின்னால் வைக்க உங்கள் படம் ஒன்று இல்லை.

வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா? உங்கள் கணினியில் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன என்று மகள் அபி சொன்னாள். நானும் அவளும் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். குன்று. குன்றுக்கு மேல் முகில். முகில் இல்லாத அதே குன்று. வேலிக் கம்பியில் பனித்துளி, அதற்கே நாற்பது படம். உங்கள் முகம் ஒன்றில்கூட இல்லை. இரண்டு படத்தில் புல்லின் மேல் உங்கள் நிழல் விழுந்திருக்கிறது. நிழலுக்கு மாலை போடச் சொல்கிறீர்களா?

எங்கள் கலியாண அல்பம் ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்த கையோடு போனது, அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். அதன்பிறகு வந்ததற்கெல்லாம் நீங்கள்தான் காரணம். அபி பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்குப் படக்காரனைப் பிடிப்போம் என்று எவ்வளவு கெஞ்சினேன்? "என்னத்துக்கு வெளியாள், நான் எடுக்கிறன். நீங்கள் நில்லுங்கோ" என்றீர்கள். நின்றோம். எல்லாப் படத்திலும் நானும் மகளும் நிற்கிறோம், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறோம். அந்த ஆள் கமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். மற்றவர்களின் கலியாண வீடுகளிலும் இதே வேலைதான். உறவுக்காரர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றில் கேக்குக்குப் பின்னால் உங்கள் அரைக் காது கிடைத்தது.

செத்த வீட்டுக்கு லைசன்ஸ் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தோம். அதை இணையத்தில் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்து உங்கள் தங்கச்சி போன் எடுத்தாள். அழுகை முடிந்து கேட்ட முதல் கேள்வி, "ஏன் மச்சாள், அண்ணாவைப் பொலிஸ் பிடிச்ச ஆள் மாதிரிப் போட்டிருக்கிறியள்? பாவம், முழிசிக்கொண்டு நிக்கிறார்." நான் என்ன பதில் சொல்வது? எட்டுக் கமரா லென்ஸ் வைத்திருந்த மனுஷனுக்கு இதுதான் கிடைத்தது என்றா?

போன மாதம் அபி தன் போனில் ஏதோ ஒரு செயலியில் அந்த லைசன்ஸ் படத்தைப் போட்டாள். ஒரு நிமிஷத்தில் நீங்கள் சிரித்தீர்கள். தலை நிறையக் கறுப்பு முடி, வாய் நிறைய வெள்ளைப் பல். மாப்பிள்ளை பார்க்கப் படம் அனுப்பிய ஆள் மாதிரி இருந்தது.

"லுக், அம்மா. அப்பா ஹேப்பியா இருக்கிறார்" என்றாள்.

"ஆரிது?" என்று கேட்டேன். "உன்ர கொப்பருக்கு எப்ப இப்பிடிப் பல் இருந்தது? அந்த முன்பல்லின்ர இடைவெளி எங்கை? எனக்கு இந்த ஆளைத் தெரியாது."

பிள்ளை முகம் சுருங்கிப்போய்விட்டது. அவள் நல்லதுக்குத்தான் செய்தாள். அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

அப்போதுதான் ஜோசப்பின் ஞாபகம் வந்தது. அதுதான், வெஸ்ட்கேட்டிலிருந்து விடியற்காலையில் வந்து வாசலில் காரை நிறுத்திக் கோன் அடிக்கிற உங்கள் மலேசியச் சிநேகிதர். வருஷத்துக்கு இரண்டு தரம் நீங்கள் இரண்டு பேரும் அந்த இயற்கைப் பட வகுப்புக்குப் போவீர்களே. எட்டு வருஷம் ஒன்றாகப் போனவர்கள், ஒருவரிடமாவது உங்கள் முகம் இருக்காதா? போன் அடித்துக் கேட்டேன்.

"தேடிப் பார்த்துட்டேன் அக்கா. என்கிட்ட எல்லாம் மலையும் மரமும்தான் இருக்கு" என்றார். "இந்த சனிக்கிழமை கிளாஸ் வருது. அண்ணன் சீட்டு காலியாதான் இருக்கு. நீங்களே வாங்க லா. எல்லார்கிட்டயும் நேரா கேட்டுடலாம்."

போனேன். நம்புங்கள், விடிய நாலரைக்கு எழும்பி நானே போனேன். "பைத்தியம் பிடிச்ச மனுஷர்தான் இந்த நேரம் குளிருக்குள்ள வெளிக்கிடும்" என்று போர்வைக்குள் இருந்து சொன்ன அதே ஆள். கோன் சத்தம் கேட்டதும் உங்கள் கமராப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு ஓடினேன். பை என்ன பாரம்! இதைத் தூக்கிக்கொண்டா மலை ஏறினீர்கள்? வீட்டில் ஒரு கோதுமை மா மூட்டை தூக்கச் சொன்னால் நாரி பிடிக்குது என்று இடுப்பைப் பிடிப்பீர்களே.

வாயுக்கு ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற அந்த நீட்டு நிலத்துக்குப் போனோம். கடல் சூழ்ந்த குடாநாட்டில் பிறந்த மனுஷன் இங்கேயும் ஒரு குடாநாட்டைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று காருக்குள் நினைத்துக்கொண்டேன். ஒரு பண்ணை, செம்மறிகள், உரோமம் வெட்டுகிற பழைய தகரக் கொட்டில். வாத்தியார் கிரேக் அந்தக் குளிரிலும் முழங்கால் தெரிகிற அரைக் களிசானோடு நின்றார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் இடத்தைத் தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். நல்ல மனுஷன்தான். பிறகு வகுப்பைத் தொடங்கினாரே, அதோடு என் பொறுமை போனது.

முதல் பாடம் என்ன தெரியுமா? படச் சட்டத்தின் நாலு ஓரத்தையும் பாருங்கள், கார் வரக்கூடாது, கம்பி வரக்கூடாது, முக்கியமாக ஆள் வரக்கூடாது. ஆள் வந்தால் படம் கெட்டதாம். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் படித்த மனுஷனிடம் நான் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்!

சேற்றுக்குள் ஏறினோம். என் சப்பாத்து ஒன்று புதைந்து, ஜோசப் குனிந்து இழுத்துத் தந்தார். கரண்ட் பாய்கிற கம்பிக்கு மேலால் ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா? மேலே போய் நின்றால் வெளிச்சம் சரியில்லையாம், ஒரு முகில் விலக வேண்டுமாம். ஐம்பது நிமிஷம் நின்றோம். ஒரு முகிலுக்கு! கடை வாசலில் எனக்காக ஐந்து நிமிஷம் காத்து நிற்கச் சொன்னால் காருக்குள் இருந்து கோன் அடிப்பீர்களே, அந்த ஆள் இங்கே வாய் திறக்காமல் நின்றாரா? நான் எடுத்த ஒரே படத்தில் ஒரு செம்மறியின் பின்பக்கம் வந்தது.

அந்த ஐம்பது நிமிஷத்தில்தான் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். எல்லாரும் உங்களைப் பற்றி நல்லாய்த்தான் சொன்னார்கள். ரோல்ஸைப் பற்றி இன்னும் நல்லாய்ச் சொன்னார்கள். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். இந்தக் குன்று. இந்தக் குன்றின் மறுபக்கம். கடைசி ஆளும் தலையை ஆட்டி, மன்னிக்கச் சொன்னபோது எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"எட்டு வருசம்!" என்று கத்தினேன். தமிழில்தான். "எட்டு வருசமா உங்களுக்குப் பக்கத்தில நிண்ட மனுசன். ஒருத்தருக்கும் ஒருக்கா இந்தப் பக்கம் திரும்பி ஒரு படம் எடுக்கத் தோணேல்லையோ? இந்தக் குன்று எங்கை ஓடப் போகுது? அது இண்டைக்கும் நிக்குது. அவர் எங்கை?"

காற்று அடித்தது. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். ஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கிரேக் அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். ஜோசப் சொன்னார். கிரேக் தன் கமராவை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு முகிலையும் விட்டுவிட்டு, எல்லாரும் கீழே வாருங்கள் என்றார்.

கொட்டிலில் ஒரு மேசையில் அவருடைய மடிக்கணினியைத் திறந்தார். ஒருவர் என் கையில் தேத்தண்ணி தந்தார். அவர் படங்களை ஊர்ப் பேர் போட்டுத்தான் அடுக்கி வைத்திருக்கிறார், ஆள் பேர் போட்டு அல்ல. தேடி, தேடி, நீங்கள் போவதற்கு முந்தின வருஷத்து வகுப்பில் இதே பண்ணையில் எடுத்த படம் ஒன்றைத் திறந்தார். முக்கால்வாசி வானம். கீழே ஒரு பெரிய பச்சைக் குன்று, காற்றுக்கு வளைந்த ஒற்றை மரம். "இதிலை எங்கை?" என்றேன். அவர் விரலை வைத்தார்.

ஒரு பாதி உழுந்து அளவில் ஒரு ஆள்.

குன்று எவ்வளவு பெரிது என்று காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டதாம். அங்கே போய் நில் என்று உங்களை அனுப்பினாராம். நீங்களும் அரை மணித்தியாலம் நடந்து போய் நின்றீர்களாம். கேட்டீர்களா, மலையை அளக்கிற அடிமட்டமாக என் மனுஷனை நட்டு வைத்திருக்கிறார்கள்!

பெருப்பிக்கச் சொன்னேன். முகம் இல்லை, வெறும் சதுரம் சதுரமாக உடைந்தது. ஆனால் சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஏவன்டேல் சந்தையில் நான் எடுத்துத் தந்தது, மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கிறது, போடமாட்டேன் என்றீர்களே, அது. போட்டிருக்கிறீர்கள். இடக் கை கீழே இருக்கிறது. வலக் கை மடிந்து காதடியில் இருக்கிறது.

"கையை இறக்கு, கையை இறக்கு என்று இங்கிருந்து எவ்வளவு கத்தினேன்" என்றார் கிரேக். "உருவத்தைக் கெடுக்கிறது என்று. இறக்கவே இல்லை. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். தான் ஒரு படத்துக்குள் நிற்கிறதை மனைவிக்குச் சொல்லிக்கொண்டு நின்றாராம்."

எனக்கு அந்தப் போன் ஞாபகம் இருக்கிறது.

ஒவ்வொரு குன்றிலிருந்தும் எனக்குப் போன் எடுப்பீர்கள். பனி இறங்குது, வெயில் ஏறுது என்று சொல்வீர்கள். அன்றைக்கு நான் தோசைக்கு அரைத்துக்கொண்டு நின்றேன். "இஞ்சேரும், நான் இப்ப ஒரு படத்துக்குள்ள நிக்கிறன்" என்றீர்கள். மெஷின் சத்தத்துக்குள் கேட்டேன். "நில்லுங்கோ, நில்லுங்கோ. வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நீங்கள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். என்ன அது? ஒரு வருஷமாக நான் தேடுகிற படத்தைத்தான் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொண்டு நின்றீர்கள். நான் பால் கேட்டேன்.

பாலும் வாங்கி வந்தீர்கள்.

கொட்டிலை விட்டு வெளிக்கிட முதல் நான் ஒரு வேலை செய்தேன். கிரேக், ஜோசப், மற்ற மூன்று பேர், எல்லாரையும் தகரச் சுவரோடு வரிசையாக நிற்கச் சொல்லி, உங்கள் கமராவால் ஒவ்வொருவர் முகத்தையும் எடுத்தேன். எந்தப் பொத்தானை அமத்துவது என்று ஜோசப் சொல்லித் தந்தார். கிரேக் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். "உங்கடை வீட்டிலயும் நாளைக்குத் தேடுவினம்" என்றேன். இந்த முறை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். சோபாவுக்கு மேல் பாதிச் சுவரைப் பிடிக்கிறது. அபி பார்த்துவிட்டு, "வேர் இஸ் அப்பா?" என்றாள். காட்டினேன். கண்ணாடிக்குக் கிட்டப் போய், சிவப்புத் தொப்பியில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள். "கையைப் பார்" என்று சொல்லி, பால் கதையைச் சொன்னேன். "ஓ, அம்மா" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். கனடாவிலிருந்து உங்கள் தங்கச்சி மட்டும், "அண்ணா எங்கை மச்சாள், எனக்கு மரம்தான் தெரியுது" என்கிறாள். தேடிப் பாரும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது புதுப் பிரச்சினை. சந்தனப் பொட்டு எங்கே வைப்பது? நெற்றியில்தான் வைக்க வேண்டும் என்கிறார் ஐயர். எந்த நெற்றியில்? என் சுண்டு விரல் நுனி பட்டாலே நீங்கள் மறைந்துவிடுவீர்கள், தொப்பி, கை, போன் எல்லாம் சேர்த்து. ஒரு வருஷம் தேடிப் பிடித்த ஆளை நானே பொட்டு வைத்து அழிப்பதா? உயிரோடு இருந்தபோதும் சீராக ஒரு இடத்தில் நிற்கவில்லை, போயும் இந்த வில்லங்கம். படத்துக்கு வெளியே மரச் சட்டத்தில் வைக்கிறேன் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஐப்பசி வகுப்புக்கும் உங்கள் இடம் எனக்குத்தான். சேற்றுக்கு நல்ல சப்பாத்து வாங்கிவிட்டேன். அந்தக் குன்றில், அந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் நானும் நிற்பேன். நின்றுகொண்டு காதில் கையை வைப்பேன், கிரேக் கத்தினால் கத்தட்டும். அன்றைக்குச் சொல்ல வந்ததன் மிச்சத்தையும் சொல்லுங்கள். இந்த முறை நான் போனை வைக்கமாட்டேன். பாலை நானே வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கட மனிசி