இறக்கை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலயே இருக்கு. சாப்பாட்டு மேசைலதான் ஒரு வாரமா நீங்க செய்யற கிளைடர் விமானத்தோட இறக்கை படுத்திருக்கே! எதிர்வீட்டு அக்கா ஏணி கேட்டு வருவாங்க, குடுத்துடுங்க.

நேத்து "நான் முக்கியமா, அந்தக் கிளைடர் முக்கியமா?"ன்னு கேட்டப்ப யோசிச்சீங்க பாருங்க, அதை நான் இன்னும் மறக்கல.

பி.கு. இறக்கை வளையாம ஒட்டணும்னு அது மேல பாரத்துக்கு இஸ்திரிப் பெட்டியை வச்சிருந்தீங்கல்ல? காலைல அவசரத்துல அதை எடுத்து என் சட்டையைத் தேய்ச்சுட்டேன். ஆறினதும் திரும்ப வச்சேன். அதுக்குள்ள இடது ஓரம் ஒரு தீக்குச்சி உயரம் தூக்கிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை கிளைடரைப் பறக்கவிட மலை மேட்டுக்கு நானும் வரேன். ரிமோட்ல குட்டிக்கரணம் போட வைக்கும்போது அது இடது பக்கமா சாய்ஞ்சா காத்தைத் திட்டாதீங்க. பக்கத்துல நிக்கிறவளைத் திட்டுங்க.