படிக்காமல் போட்ட பதிமூன்று மதிப்பெண்கள்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

நீ நல்லபடியாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், அறையில் ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் நானே முடிவு செய்துகொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் உடம்பளவில் சுகம். அவனுக்குப் பணிமனையில் ஷிப்ட் மாறிவிட்டது, காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறான். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அப்பா இருந்தால் ஐந்து நிமிஷத்தில் வாஷரை மாற்றியிருப்பார் என்று இரண்டு பேருமே நினைக்கிறோம், இரண்டு பேருமே சொல்வதில்லை, வாளியை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறோம். மாடிவீட்டுத் தையல்கார அம்மா உன்னை விசாரித்தார், ரொம்ப இளைத்துவிட்டாய் என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னார், அவர் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார், இருந்தாலும் சாப்பிடு. இனி எழுதப்போவது வீட்டுச் செய்தி இல்லை. நின்றுகொண்டே படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, உட்கார்ந்து படி.

அப்பாவைத் தொற்று வார்டில் வைத்திருந்த அந்தப் பதினெட்டு நாளும் எங்களுக்கு விடைத்தாள் திருத்தும் காலம் என்று உனக்குத் தெரியும். உலக வரலாற்றில் நெடுங்கட்டுரை என்று ஒரு தாள் இருக்கிறது, கேள்வித்தாளில் பத்துப் பன்னிரண்டு தலைப்பு கொடுப்பார்கள், பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். திருத்தும் மையத்திலேயே உட்கார்ந்துதான் திருத்த வேண்டும் என்பது விதி. ஆனால் என்னைப் போல முடி நரைத்தவர்கள் கேட்டால் ஒரு விடைத்தாள் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். நான் வீட்டுக்கு என்று சொல்லி வாங்கி வார்டுக்கு எடுத்துப்போனேன். முப்பத்திரண்டு தாள். முகமூடியைப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். லிப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், வரலாறு என்றால் அவருக்குப் போன வாரம் நடந்தது, ஆனாலும் கேட்பார். ஒரு பையன் புரட்சியில் ராஜாவின் தலையை வெட்டிய பிறகும் இரண்டு பக்கம் அவரை ஆளவிட்டிருந்தான். இன்னொருத்தி, கொள்ளைநோயில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்தது, மிச்ச இரண்டு பங்கு அழுதது, அழ நேரமில்லாதவர்கள் புதைத்தார்கள் என்று எழுதியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு, இவளுக்கு நல்லாப் போடு, இவ பாத்திருக்கா என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

என் திருத்தும் முறை உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயே கிண்டல் செய்வாய். படிக்கப் படிக்க மதிப்பெண் போடமாட்டேன். முதலில் கையில் கிடைக்கிறவனுக்குக் கறாராகவும் கடைசியில் கிடைக்கிறவனுக்கு அலுப்பாகவும் போட்டுவிடுவோம் என்று, கட்டு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் போடுவேன். அதுவரை ஒரு துண்டுச் சீட்டில் பதிவெண்ணும் நாலு வார்த்தையும் குறித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்வேன். முப்பது வருஷமாக இதை நியாயம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பா போன மத்தியானம் பத்தொன்பது தாள் படித்திருந்தேன். தரையில் ஓயாமல் பினாயில் ஊற்றித் துடைப்பதால் தாள் கட்டை எப்போதும் மெத்தைக்கடியில் கால்மாட்டில் செருகித்தான் வைப்பேன், அன்றும் அப்படியே செருகிவிட்டுத்தான் எழுந்தேன். அப்பாவைக் கீழே கொண்டுபோன பிறகு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வெறும் இரும்புக் கட்டில்தான் கிடக்கிறது. தொற்று வார்டு மெத்தையை அரை மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டார்களாம், தாள் கட்டோடு நேரே எரிக்கிற இடத்துக்குப் போய்விட்டது. வார்டு ஆயா, அடியில எதுவும் இருந்துச்சாம்மா, பாக்காமத் தூக்கிக் குடுத்துட்டேனே என்று பதறினாள். ஒண்ணுமில்லம்மா என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுமில்லாததாகத்தான் இருந்தது.

நாலாவது நாள் மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். பத்தொன்பது பேருக்குச் சீட்டைப் பார்த்து, ஞாபகத்திலிருந்து, மனசாட்சிப்படி போட்டேன். மிச்சம் பதிமூன்று பேரின் தாளை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சொல்லியிருக்கலாம். புருஷன் செத்துப்போன பொம்பளையை அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விதியை மீறி வார்டுக்கு எடுத்துப்போனதைச் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். குறைத்துப் போட்டால் சண்டைக்கு வருவார்கள், கூட்டிப் போட்டால் கண்ணில் படும், நடுவில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே எண் போடுகிற அளவுக்கு உன் அம்மா முட்டாளும் இல்லை, ஐம்பத்தொன்று, ஐம்பத்து நாலு, ஐம்பத்திரண்டு என்று கலைத்துக் கலைத்துப் போட்டேன். பட்டியலை மடித்து உறையில் போட்டு அன்றைக்கே ஒப்படைத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், எனக்கு இரண்டு மாதம் ஓடியது. போன வாரம் மறுமதிப்பீட்டுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஐம்பத்திரண்டு வாங்கிய ஒரு பெண். இந்தத் தாளில் அறுபது இருந்தால்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களாம், இடம் ஒதுக்கிவிட்டார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கொடுக்க வேண்டுமாம். கீழே தன் கையால் இப்படி எழுதியிருந்தாள்: நான் சுரங்கத்தில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன், தயவுசெய்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இன்னொரு முறை என்கிறாள் கண்ணு, ஒரு முறைகூடப் படிக்காதவளிடம். அந்த வரியைப் படித்துவிட்டு நான் பள்ளிக்கூடக் கழிவறையில் போய் நின்று அழுதேன், உன் அப்பாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

எங்கள் தலைமைத் திருத்துநரை எல்லாரும் கறார் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், அரை மதிப்பெண்ணுக்கு ஆளைக் காய்ச்சி எடுப்பவர். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு ஒரு வெற்று விடைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நீங்களே எழுதிடுங்க, கையெழுத்து மாதிரி விண்ணப்பத்துலயே இருக்கு, வேற ஒருத்தர் படிச்சு எழுபது போடுவாங்க, அந்தப் பொண்ணுக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். தொடர்ந்து இன்னொன்றும் சொன்னார். இப்ப உண்மையைச் சொன்னா விசாரணை அது இதுன்னு இழுப்பாங்க, அவளுக்கு ஒரு வருஷம் போயிடும், உங்க மனசு சுத்தமாகறதுக்கு அவ ஒரு வருஷத்தைக் குடுக்கணுமா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை.

எழுதினேன். மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைப் போலவே இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து எட்டுப் பக்கம் எழுதினேன். நிலக்கரி ஏன் தேவைப்பட்டது, எந்த வயதில் உள்ளே அனுப்பினார்கள், எத்தனை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து காற்றுக்கதவைத் திறந்து மூடினார்கள், என்ன சட்டம் வந்தது, எல்லாம் சரியாக வந்தது. பிறகு பேனா நகரவில்லை. இவள் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரிந்தது எட்டோடு தீர்ந்துவிட்டது, மிச்ச நாலு பக்கத்தில் அவள் என்ன சொன்னாள் என்று உலகத்தில் யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. அவள் கேட்டது சீட்டு இல்லை, படிக்கச் சொல்லித்தான் கேட்டாள். ஒன்றும் கேட்காமல் பேசாமல் இருக்கிற மற்றப் பன்னிரண்டு பேருக்கு யார் உட்கார்ந்து எழுதுவது. எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் தம்பி பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டான், சொன்னதும் கோபப்பட்டான். அப்பா படுத்திருந்த மெத்தையையும் சேத்து ஊரே பேசணுமா, இன்னும் ஒரு வருஷம்தான சர்வீஸ் இருக்கு, வாய மூடிட்டு இருக்க முடியாதா என்றான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். அவனுக்கு நீ ஒரு வரி எழுது, நீ சொன்னால் கேட்பான்.

நாளைக் காலை தேர்வு வாரிய அலுவலகத்துக்குப் போகிறேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பதிமூன்று பதிவெண்ணையும் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன். வேலையிலிருந்து நிறுத்துவார்கள், அதற்கு மேலும் ஏதாவது செய்வார்கள், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உடனே ஒரு வழி செய்யுங்கள், மறுபடி எழுதவாவது விடுங்கள் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். செய்வார்களா என்று தெரியாது. செய்யாவிட்டால் ஒரு வருஷம் அவளுக்குப் போவது என்னால்தான், அதை நான் செத்தாலும் சுமக்க வேண்டியதுதான்.

அவர்களிடம் போவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலம் நீ போனில், அப்பா எப்படிப் போனாரும்மா என்று கேட்டாய். லீவு கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தாய். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், பெரியவ வந்துட்டாளா என்று கேட்டார், அப்புறம் தூங்குகிற மாதிரிப் போய்விட்டார் என்று சொன்னேன். அப்படி நடக்கவில்லை கண்ணு. என் இரண்டு கையிலும் விடைத்தாள் இருந்தது. கடல் பயணங்களைப் பற்றி ஒருவன் பதினொரு பக்கம் எழுதியிருந்தான், கப்பலில் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஈறு வீங்கிச் செத்தவர்களைப் பற்றி, நன்றாகவே எழுதியிருந்தான், அதைப் படித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, என்ன, இவனுக்கு அறுபது போடலாமா என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் எந்தப் பக்கத்தில் போனார் என்று எனக்குத் தெரியாது. கப்பல் கிளம்பும்போதா, திரும்பும்போதா. நான் பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து பேசவே இல்லை. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அதையும் நானாகத்தான் போட்டேன்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நிறைந்து வாழ வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கோபம் வந்தால் வரட்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்ததும் போன் செய்யாதே, எழுது. உன் அழுகுரலைக் கேட்டால், கடிதத்தில் ஏதோ குழம்பி எழுதிவிட்டேன், அப்பா உன்னைத்தான் கேட்டார் என்று மறுபடியும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா