மேட்டு வளைவில் முதல் நாள்

போரம் அப்பா,

எழுப்ப மனமில்லை. குக்கரில் சோறு சூடாக இருக்கிறது. கிம்ச்சிக் குழம்பை மட்டும் சுட வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் மீட்டர் பார்க்க ஆள் வருவார், கதவைத் திறங்கள்.

நேற்று "முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினா பஸ் மேடு ஏறிடுமா?" என்று கேட்டீர்களே, கோபத்தில் பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன். பஸ் டிரைவர் பயிற்சியில் அந்த மேட்டு வளைவில் வண்டி பின்னால் உருண்டதிலிருந்து, ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. இன்று சர்ச்சில் விடியற்கால ஜெபத்தில், வேலையே வேண்டாம் என்று கர்த்தரிடம் சொல்லி அழுதேன். பக்கத்தில் இருந்த மீன்கடை யங்ஜா அக்கா முதுகைத் தட்டினாள்.

"நல்லா அழு. ஆனா எட்டு மணிக்கு என் மீன் கூடையோட உன் பஸ்ஸுலதான் ஏறுவேன். நடுங்குனா நடுங்கிக்கிட்டே ஓட்டுடி. கர்த்தர் உன்னை நம்பித்தானே என்னையும் ஏத்தி விடுறாரு."

ஜெபத்துக்கு நடுவே சிரித்துவிட்டேன். கை இன்னும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறேன். ஜெபத்தால் பஸ் ஏறாது, நான் ஏறுவேன். இதுதான் உங்களுக்குப் பதில்.

போரம் அம்மா மியொங்சுக்

பி.கு: ஷூ போடப் போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன். என் டிரைவர் ஷூவைப் பளபளவென்று துடைத்து, போட வாகாக வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எப்போது எழுந்தீர்கள்? மேலே கோபமாக எழுதியதை மாற்ற நேரமில்லை.

பத்து மணிக்கு, மேட்டுக்குக் கீழே இருக்கும் நிறுத்தத்துக்கு வாருங்கள். நீங்களானாலும் பஸ் கட்டணக் கார்டைத் தட்டித்தான் ஏற வேண்டும். எனக்குப் பின் சீட்டில் உட்காருங்கள். வளைவு வரும்போது நீங்களும் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணுவீர்கள். நான் கண்ணாடியில் பார்ப்பேன்.